துரையின் சட்டி

சூசைரட்ணம் தன் நாய்க்குத் துரை என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அதன் நடை. குட்டியாக இருந்தபோதே அது காலையில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு கோடியில் புறப்பட்டு, ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, எதுவும் திருப்தியில்லை என்பதுபோலத் தலையை உதறிவிட்டு அடுத்த வாசலுக்குப் போகும். தேயிலைத் தோட்டத்து மனேஜரைத் துரை என்று அழைக்கிற இடத்தில் அந்த நாய்க்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. நிஜமான துரையின் ஜீப் இந்தப் பக்கம் வருகிற நாட்களில் மட்டும் அதை ராஜா என்று கூப்பிடுவார்கள். நாய் இரண்டு பெயருக்கும் வாலாட்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில் சூசைரட்ணம் கொழுந்து லொறி ஓட்டுகிறார். மனைவி சுகிர்தம் கீழே டவுன் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஒரே மகள் ஜெனுஷாவுக்குக் கொழும்பில் வேலை. லயத்தை ஒட்டிய டிரைவர் குவாட்டர்ஸில் இப்போது கணவனும் மனைவியும் துரையும்தான்.

டிசம்பர் மழையில் துரை சொறிய ஆரம்பித்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டித் தோல் சிவந்தது. கதவு நிலையில் அது முதுகைத் தேய்த்த தேய்ப்பில் பெயின்ட் உரிந்தது. சுகிர்தம் போனில் மகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பேச்சை முடித்தால் போதும் என்று ஜெனுஷா ஒரு வீடியோவை அனுப்பிவைத்தாள். நாய்களுக்கு வரும் நோயெல்லாம் சாப்பாட்டால் வருவதுதான், இயற்கை உணவு கொடுத்தால் மருந்தே வேண்டாம் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

சுகிர்தத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. பாடசாலைக் கண்காட்சிக்கு எரிமலை செய்யச் சொன்னபோது, அதிபரின் அறைவரை நுரை ஓடும்படி செய்தவள் அவள். அந்த வாரமே நாய்களின் இயற்கை நலத்துக்கான ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டாள். அதை நடத்தியவர் கண்டியில் இருக்கும் பூரணி என்ற அம்மா. வீடு நிறைய நாய் வளர்ப்பவர். ஒன்றின் வாயிலும் இதுவரை மாத்திரை போட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

பூரணி அம்மா சொல்லச் சொல்ல, குவாட்டர்ஸின் சமையலறை துரையின் பொறுப்புக்கு மாறியது. விடியற்காலையில் பூசணியும் கரட்டும் வேகும். இன்னொரு அடுப்பில் கேழ்வரகு என்கிற குரக்கன் மா கிண்டப்படும். எலும்பில்லாத கோழியும் ஈரலும் அவிந்து, பிய்த்துப் போடப்படும். வல்லாரை பொடியாக அரிந்து விழும். கடைசியில் ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. இவ்வளவும் ஒரு அலுமினியச் சட்டியில் ஆறும்.

ஈரல் வாங்கப் போன இடத்தில் கோழிக்கடை இப்றாஹிம் நானா விசாரித்தார்.

"என்ன டீச்சர், கொஞ்ச நாளா ஈரலா வாங்குறீங்க? வீட்டுல யாருக்கும் சொகமில்லியா?"

"துரைக்குங்க நானா. தோல் வருத்தம்."

இப்றாஹிம் நானா கத்தியை வைத்துவிட்டார். "துரைக்கா? ஏன், பங்களாவுல சமைக்க ஆளில்லியா?"

சுகிர்தம் விளக்கிச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அதன்பிறகு கொஞ்ச நாள், நல்ல ஈரலாகப் பார்த்து அவர் தனியாக எடுத்துவைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் சூசைரட்ணம் இந்த மாற்றங்களை மேசையில் உட்கார்ந்தபடி கவனித்தார்.

"அது என்னா, குரக்கனா?"

"துரைக்கு."

"கரட்டு?"

"துரைக்கு."

"அப்ப எனக்கு?"

"மேசையில பாண் இருக்கு, பருப்பு இருக்கு, சம்பல் இருக்கு. நீங்க கேட்டதுதானேங்க."

அவர் கேட்டதுதான். சூசைரட்ணத்துக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். கோதுமை மாப் பாணைக் குறைக்கும்படி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். சுகிர்தம் குரக்கன் பிட்டு அவித்துப் பார்த்தாள், ரொட்டி சுட்டுப் பார்த்தாள், வல்லாரைச் சம்பல் அரைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவர் ஒரு விரலால் தள்ளிவிட்டு, "இதெல்லாம் மாட்டுக்குக் குடு" என்றார். கடைசியில் அவள் கை கழுவிவிட்டாள்.

"நாய்க்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இந்த வீட்டுல இல்ல" என்றார் சூசைரட்ணம்.

"நாய்க்குச் சொன்னா கேக்குதுங்க."

அதைவிடப் பெரிய அடி லீக்ஸ் விஷயத்தில் விழுந்தது. லீக்ஸ் என்கிற அந்தத் தடித்த வெங்காயத்தாள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கருவாடு போட்டு வதக்கினாலும் சரி, உருளைக்கிழங்கோடு சமைத்தாலும் சரி. ஒருநாள் அவர் கட்டுக்கட்டாக லீக்ஸோடு வந்தபோது சுகிர்தம் வாசலிலேயே மறித்தாள்.

"லீக்ஸ், வெங்காயம், பூண்டு, இதெல்லாம் நாய்க்கு விஷம். ரத்தத்தையே கெடுத்துரும். கீழ ஒரு துண்டு விழுந்து அது தின்னுட்டா?"

பருப்புக்குத் தாளிக்கிற வெங்காயத்தை மட்டும், மேசையை விட்டு இறங்காது என்ற உறுதியில், அவள் அனுமதித்தாள். லீக்ஸ் கட்டு பக்கத்து வீட்டு நாகலெட்சுமிக்குப் போனது. மதியம் அங்கிருந்து வந்த வாசனையில் சூசைரட்ணம் வெறும் சோற்றைப் பிசைந்தார்.

சுகிர்தம் விடிந்ததும் பாடசாலைக்குப் புறப்பட்டுவிடுவாள். கொழுந்து நிறுத்து ஏற்றும்வரை லொறிக்கு வேலையில்லை. அதனால் சட்டி ஆறியதும் துரைக்கு வைக்கிற பொறுப்பு சூசைரட்ணத்துடையது. ஜனவரியில் பனி மூடிய ஒரு காலை, பாண் முந்தின நாளுடையதாக இருந்தது. அதைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் மூக்கில் சட்டியின் ஆவி ஏறியது. சூடு பார்க்கவேண்டுமே என்று மூடியைத் திறந்தார். விரலால் தொட்டால் மேலே மட்டும்தான் தெரியும் என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். அடியில் எப்படியிருக்கிறதோ என்று இன்னொரு கரண்டி. கோழியும் பூசணியும் குழைந்து, தேங்காயெண்ணெய் வாசத்தோடு வெதுவெதுப்பாக இறங்கியது. உப்பில்லைதான். மேசையிலிருந்த உப்பைத் தூவிக்கொண்டார்.

சட்டி காலியானபோதுதான் துரை தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெங்காயம் இருக்கிறதே என்று சம்பலை ஒதுக்கி வைத்துவிட்டு, பாணைப் பருப்பில் தோய்த்து நாயின் தட்டில் போட்டார். பருப்பில் கரைந்துபோயிருந்த வெங்காயம் அவர் நினைவுக்கு வரவில்லை. துரை தட்டை நக்கிக்கொண்டே வாசல்வரை தள்ளிப்போனது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அங்கேயே முடிவாயிற்று.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அவர் அலாரம் வைக்காமலே எழுந்துவிட்டார்.

இரண்டு மாதம் போனது. துரையின் சொறி நிற்கவில்லை. உடம்பு வேறு உருண்டு திரண்டு, லயத்தைச் சுற்றிவரும்போது பாதி வழியில் உட்கார ஆரம்பித்தது. சுகிர்தம் குழுவில் யோசனை கேட்டாள். உடம்பில் நஞ்சு சேர்ந்திருக்கிறது, கிழமையில் ஒருநாள் பட்டினி போடுங்கள் என்று பூரணி அம்மா எழுதினார். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தானும் ஒருசந்தி உபவாசம் இருப்பதால், துரைக்கும் வெள்ளியே வசதி என்று சுகிர்தம் முடிவு செய்தாள்.

அந்த வெள்ளி காலை சூசைரட்ணம் மூடியைத் திறந்தபோது சட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

சாயங்காலம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "வாயில்லாத ஜீவன். அது என்னா பாவம் பண்ணிச்சுன்னு ஒருசந்தி?"

"உங்களுக்கு அது மேல இவ்வளவு இரக்கம் எப்ப வந்திச்சு?"

"எப்பவும் இருக்கு" என்றார் சூசைரட்ணம்.

மார்ச் மாதக் கிளினிக்கில் அவருடைய சீனி நன்றாக இறங்கியிருந்தது. டொக்டர் ரத்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்டுச் சாப்பாடுதாங்க" என்றார் சூசைரட்ணம். சுகிர்தத்துக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பாணும் பருப்பும் தின்கிற மனிதனுக்குச் சீனி எப்படி இறங்கும் என்று விஞ்ஞான ஆசிரியைக்குப் புரியவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று வைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை, டவுனுக்கு வாரம் ஒருமுறை வரும் மிருக டொக்டர் கஜேந்திரனிடம் துரையைக் காட்ட, பாடசாலையில் கொஞ்ச நேரம் லீவு கேட்டுக்கொண்டு மேலே வந்தாள். சூசைரட்ணம் அப்போதுதான் லொறியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நாயை லயத்திலிருக்கும் றொக்சனின் த்ரீவீலரில் ஏற்றினாள். வளைவுக்கு வளைவு துரையின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

கஜேந்திரன் இளவயதுக்காரர், பொறுமைசாலி. சுகிர்தம் துரையின் சாப்பாட்டை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே நாயைத் தராசில் நிறுத்தினார்.

"எடை நல்லாக் கூடியிருக்கு டீச்சர். நீங்க சொல்ற சாப்பாட்டுக்கு இப்படிக் கூடக் கூடாதே."

அந்த நேரம் பார்த்துத் துரைக்கு வயிறு புரட்டியது. டொக்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில், காலையில் சாப்பிட்ட அவ்வளவையும் கக்கிவிட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"குரக்கன், ஈரல், பூசணின்னு சொன்னீங்க" என்றார் கஜேந்திரன். "இங்க பாணும் பருப்புமில்ல கிடக்கு."

சுகிர்தம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். சந்தேகமே இல்லை. அன்று காலை அவளே தாளித்த பருப்பு. அவள் கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை.

அப்படியானால் சட்டியில் இருந்தது எங்கே? ஒவ்வொரு நாளும் வழித்துத் துடைத்தாற்போல இருக்குமே! போன வாரத்துக் கிளினிக் துண்டு அவள் கண்முன் வந்து நின்றது. அடுத்த கணம், சுகிர்தம் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். டொக்டர் பயந்துபோய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

சிரித்து முடித்தபின் விஷயத்தைச் சொன்னாள். கஜேந்திரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு துரையின் ஈறையும் கண்ணையும் இழுத்துப் பார்த்தார்.

"பருப்புல வெங்காயம் போடுவீங்கதானே? பெரிசா பாதிப்பு ஒன்னும் தெரியல. ஆனா இனிக் குடுக்க வேணாம். உங்க சட்டிச் சாப்பாடு நல்லதுதான், அளவாக் குடுங்க. ஈரல் தினமும் வேணாம், கிழமையில ரெண்டு நாள் போதும். பட்டினியெல்லாம் தேவையில்ல. சொறி சாப்பாட்டால வந்ததில்ல. உண்ணி. அதுக்கு மாத்திரை தாறேன்."

சுகிர்தம் தயங்கினாள். "உண்ணிக்கு வேப்பிலைத் தண்ணி ஊத்துறேன் டொக்டர். மருந்தில்லாம, இயற்கையா..."

"உண்ணியும் இயற்கைதானே டீச்சர்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் கையை நீட்டினாள். மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் கணவனை எப்படி நிறுத்திவைத்துக் கேட்பது என்று த்ரீவீலரில் யோசித்தபடியே வந்தாள். பாதி வழியில் மனம் மாறியது. கேட்டால் அவர் வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் நிறுத்திவிடுவார். தட்டில் வைத்துக் கெஞ்சினால் விரலால் தள்ளுகிற மனிதர், திருடித் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். திருடட்டுமே.

அன்றிலிருந்து, சூசைரட்ணம் எழும்புவதற்கு முன்பே பின்வாசலில் துரைக்கு அளவான சாப்பாடும் மாத்திரையும் முடிந்துவிடும். மேசைப் பாண் இரண்டு மெல்லிய துண்டாகக் குறைந்தது. பருப்பு வெங்காயமில்லாமல் வந்தது. அடுப்பின் ஓரத்தில் வழக்கம்போல அலுமினியச் சட்டி ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்குள் இருப்பது இப்போது நாய்க்காகச் சமைத்ததல்ல. முதலில் அளவாய் உப்புச் சேர்ந்தது. பிறகு மிளகு. இரண்டு மாதம் உப்புச் சப்பில்லாமல் தின்ற மனிதனை நினைக்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை லீக்ஸையும் அரிந்து வதக்கிப் போட்டுவிட்டாள். அது பாசமா குறும்பா என்று கேட்டால், இன்றைக்கும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த வியாழன் சூசைரட்ணம் மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறிப் பார்த்தார். லீக்ஸ்! அவருக்கு உயிரான லீக்ஸ்தான். ஆனால் இது துரையின் சட்டி. தான் மட்டும் கவனிக்காமல் நாய்க்கு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு துண்டும் மிச்சம் வைக்கக் கூடாது என்று அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவினார். மிக ருசியாக இருந்தது. அதுவே அவருக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமையும் லீக்ஸ்.

அவருக்கு நாயைப் பற்றிய கவலை போய், மனைவியைப் பற்றிய கவலை வந்தது. வாசலில் மறித்து விஷம் என்று சொன்னவளே இப்படி மறந்து மறந்து போடுகிறாள் என்றால்? லொறியை ஓட்டும்போதெல்லாம் அதே நினைப்பு. சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தலையிடி ஏதும் இருக்கா?"

"இல்லியே."

"இன்னிக்கு என்னா கிழமை?"

சுகிர்தம் விடைத்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க?"

சனிக்கிழமை அவள் வீட்டிலிருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டே குரல் கொடுத்தாள். "என்னங்க, எனக்குக் கை வேலையா இருக்கு. அந்தச் சட்டியில உள்ளதைத் துரைக்குப் போட்டுட்டு வாங்க."

சூசைரட்ணம் மூடிய சட்டியைக் கையில் எடுத்தார். அங்கேயே நின்றார்.

"இன்னிக்கு வேணாம் சுகிர்தம். அதுக்குப் பசியில்ல போல."

துரை அவர் முழங்காலில் முன்கால்களை வைத்துக்கொண்டு குரைத்தது.

"நல்லாத்தானே பசிக்குது. போடுங்க."

துரை தாவியது. சூசைரட்ணம் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இதுல லீக்ஸ் இருக்கு!"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. "மூடி போட்டிருக்கே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தும் இருந்திச்சு. முந்தாநாளும் இருந்திச்சு." அவர் சட்டியை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "உனக்கு என்னமோ செய்யுது சுகிர்தம். நீ மறந்து போற. பெரிய டொக்டர்கிட்ட காட்டுவோம், கண்டிக்குப் போவோம். நான் மட்டும் சாப்பிடாம இருந்திருந்தா இந்நேரம் நாய் செத்துப்போயிருக்கும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சுகிர்தம் எழுந்து வந்து, அவர் தலைக்கு மேலிருந்த சட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு நாளா அதைக் காப்பாத்துறீங்க?"

"தைப்பொங்கல்ல இருந்து" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு தட்டை எடுத்து, சட்டியில் இருந்ததைப் போட்டு அவர் முன் வைத்தாள். "துரை காலையிலேயே சாப்பிட்டுருச்சு. இது உங்களுக்குச் சமைச்சது. ரெண்டு கிழமையா உங்களுக்குத்தான் சமைக்கிறேன்."

"அப்ப ரெண்டு கிழமையா என்னைய ஏமாத்தினியா?"

"நீங்க ரெண்டு மாசமா என்னைய ஏமாத்தல?"

மிருக டொக்டரிடம் நடந்ததையும் பருப்பு வெங்காயத்தையும் அவள் சொன்னபோது அவருடைய முகம் சுருங்கிவிட்டது. வாசற்படியில் போய் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவினார். "எனக்குத் தெரியாது துரை. மன்னிச்சிரு துரை, தெரியாமச் செஞ்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அழகுமுத்து, சட்டென்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜீப் எங்கே நிற்கிறது என்று சுற்றிமுற்றிப் பார்த்தார்.

மாத்திரை வேலை செய்தது. ஈஸ்டருக்கு ஜெனுஷா வந்தபோது துரையின் முதுகில் புதுமுடி முளைத்திருந்தது. வாசற்கதவுக்குப் பெயின்ட் அடித்தது அவள்தான். மாத்திரை கொடுத்ததைச் சுகிர்தம் மறைக்காமல் குழுவில் எழுதினாள். பூரணி அம்மா அழுகிற முகம் ஒன்றைப் போட்டார். அன்று மாலையே தனியாக ஒரு செய்தி அனுப்பி, அந்த மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டார்.

சூசைரட்ணம் இப்போது ஒளிக்காமல் சாப்பிடுகிறார். ஆனால் தட்டில் போட்டால் ருசி குறைகிறது என்கிறார். அடுப்படியில் நின்றபடி, சட்டியிலிருந்தே, கரண்டியால்தான். சுகிர்தம் அதைப் பார்க்காதவள்போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

மே மாதக் கிளினிக்கில் சீனி இன்னும் இறங்கியிருந்தது. தாதி அவரை எழுந்து நிற்கவைத்து, நீள வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்த மற்ற நோயாளிகளுக்கு அவருடைய சாப்பாட்டு முறையைச் சொல்லும்படி கேட்டார். சூசைரட்ணத்துக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதல்ல வீட்டுல ஒரு நாய் வளக்கணுங்க" என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா உடனே, மிக அக்கறையாக, "என்னா சாதி நாயிங்க?" என்று கேட்டார்.